உட்கார்ந்த நிலையில்

ஆள் இருந்தால் விளக்கு எரிய வேண்டும், ஆள் போய்விட்டால் தானாக மங்கி அணைய வேண்டும். இதுதான் என் தொழில். பதினாறு வருடமாக இதைச் செய்துதான் சாப்பிடுகிறேன். சொன்னால் 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மனிதர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? வருடம் முழுக்க விளக்கு ஒழுங்காக எரிந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு தடவை தவறான நேரத்தில் அணைந்துவிட்டால் போதும், ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

அந்த மருத்துவமனை வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது அண்ணி, என் அண்ணனின் மனைவி. அங்கே பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடமாக ஸ்லைடு பார்க்கிறவர். பெண்களின் உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கண்ணாடியின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை ஓர் இடம் விடாமல் பார்ப்பார். புற்றாக இருக்குமோ என்று தோன்றினால் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்த ஸ்லைடு பெரிய டாக்டரிடம் போகும். புள்ளி இல்லாவிட்டால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அந்தப் பெண்ணுக்குத் தகவல் போய்விடும். அவளும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு நாளைக்கு ஐம்பது பெண்கள் இப்படி அண்ணியின் கண்ணை நம்பி இருந்தார்கள்.

அங்கே பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் 'சுவிட்ச் சார்' என்றுதான் சொல்வார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் அவர் கை சுவிட்ச் பலகைக்குப் போய்விடும். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை நிறுத்திவிட்டுப் போகிற பிறவி. மூன்று மாடிக்கும் தானியங்கி விளக்கு போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணி அவரிடம் போய், "என் கொழுந்தனுக்கு இதுதான் சார் வேல. நம்பிக் குடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் கொடுத்தார்.

வேலையை நன்றாகத்தான் செய்தேன். இதில் கலையே மங்குவதில்தான் இருக்கிறது. பட்டென்று அணைத்தால் ஆளுக்கு நெஞ்சு அடைத்துவிடும். பத்து நிமிடம் அறையில் அசைவே இல்லை என்றால், அதற்கப்புறம் ஒரு முழு நிமிடம் எடுத்துக்கொண்டு வெளிச்சம் நூறிலிருந்து பத்துக்கு இறங்கும். கண்ணும் அதோடு சேர்ந்து இறங்குவதால் இறங்கியதே தெரியாது. இந்த இறக்கத்தை ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக வைத்தேன். அப்படியும் முதல் மாதம் வசவுதான். கோப்பு அறையில் நான்கு பேர் தலை நிமிராமல் எழுதுகிறவர்கள். விளக்கு மங்கினால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி ஆட்டுவார்கள். வழியே போன நோயாளி ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே அசைவைப் பார்க்கிற சென்சாரை இடம் மாற்றிக் கொடுத்தேன். யார் புகார் சொன்னாலும் போய்ச் சரிசெய்தேன்.

புகார் சொல்லாத ஒரே ஆள் அண்ணிதான்.

அவருடைய அறைக் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள், ஸ்லைடுத் தட்டுகள் வந்து போவதால். அதனால் வராந்தாவில் யார் நடந்தாலும் உள்ளே இருந்த சென்சார் அதைப் பார்த்துவிடும். அண்ணி சாப்பிடப் போயிருக்கும்போதும் விளக்கு எரியும். இது சுவிட்ச் சார் கண்ணில் பட்டுவிட்டது.

"உள்ள ஈ காக்கா இல்ல. வெளக்கு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி எரியுது. இதுக்கா உன்ன வரச் சொன்னேன்?" என்று போனில் கத்தினார்.

சென்சாரை இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டிருந்தால் தீர்ந்தது. அதற்கு நான்கு சீலிங் பலகைகளைக் கழற்ற வேண்டும், கேபிளை இழுக்க வேண்டும், தூசி விழாமல் அண்ணியின் மைக்ராஸ்கோப்பை மூடி வைக்க வேண்டும். அரை நாள் வேலை. மறுநாள் காலை மொத்தக் கட்டடத்தையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நான் ஏணியில் ஏறி, சென்சாரின் லென்ஸில் கதவுப் பக்கம் இருந்த பாதியைக் கறுப்பு டேப்பால் ஒட்டி மறைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். லென்ஸின் அந்தப் பாதி குருடாகிவிடும், வராந்தாவைப் பார்க்காது.

அண்ணியின் மேஜை கதவை ஒட்டிய சுவரோரம்தான் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. ஏணி மேல் நின்றபடி கீழே பார்த்தேன். காலி நாற்காலி டேப் மறைத்த பக்கம்தான் இருந்தது. 'அண்ணிதானே, தொந்தரவாக இருந்தால் சொல்வார்' என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். வேறு யாருடைய அறையாக இருந்தாலும் அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு அறையிலும் நடந்து பார்க்க வேண்டும். அசைவு தெரிந்தால் சென்சாரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். அந்த அறையின் உள்பக்கம் அலமாரிவரை நடந்தேன், மின்னியது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று 'நடக்கும் நிலையில்'. இன்னொன்று 'உட்கார்ந்த நிலையில்'. நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் கையை மட்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். நான் உட்காரவில்லை. இரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணியிடம் கேட்டேன். "வெளக்கெல்லாம் எப்படி இருக்கு அண்ணி?"

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ரூம் கொஞ்சம் இருட்டா இருந்தா ஸ்லைடு இன்னும் பளிச்சுனு தெரியுது. மைக்ராஸ்கோப்புலயே வெளக்கு இருக்குல்ல, எனக்கு அது போதும். நீ எனக்காகவே இப்படி வச்சியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அண்ணி அதைப் பரிசோதனைக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அறை ஏன் இருட்டாகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

விளக்கை அணைப்பதோடு இந்தச் சென்சார்களின் வேலை முடிந்துவிடாது. எந்த அறையில் எத்தனை நேரம் ஆள் இருந்தது என்று நிமிடக் கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து அதையெல்லாம் வரைபடமாகப் போட்டு ஒரு கூட்டத்தில் காட்டினேன். ஆள் இருந்த நேரம் பச்சை, காலியாக இருந்த நேரம் சாம்பல். மின்சாரம் மிக அதிகமாக மிச்சமான அறை எது என்று சுவிட்ச் சார் கேட்டார். இரண்டாம் மாடி, கடைசி அறை. ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் பச்சை, மீதி எல்லாம் சாம்பல். அண்ணி எழுந்து அலமாரிக்குப் போன நேரங்கள்தான் அந்தப் பச்சை.

எனக்கு அது அப்போதே புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே "சார், அது சென்சார் கோளாறு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் வேலையையும் எனக்கே தருவதாக அன்றைக்குத்தான் பேச்சு அடிபட்டது. வரைபடத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

சுவிட்ச் சார் போகவில்லை. அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போயிருக்கிறார். மூன்று வாரத்தில் அண்ணியை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி என் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வந்ததும் சமையலறைக்குள் போய் என் மனைவியோடு பேச ஆரம்பித்துவிடுகிறவர், அன்றைக்கு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. அந்த மெஷின் தப்பா எழுதுமா?"

"ஏன் அண்ணி?"

"ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் நான் ரூம்ல இருக்கேனாம். 'ரெண்டு மணி நேரத்துல அம்பது ஸ்லைடு எப்படிம்மா பாத்தீங்க? சும்மா தள்ளி விட்டுட்டீங்களா?'ன்னு கேக்குறாங்க. தட்டு கொண்டு வர்ற ஆயாவ விசாரிச்சிருக்காங்க. 'அந்தம்மா எப்பப் பாத்தாலும் கண்ண வச்ச மேனிக்கு உக்காந்திருப்பாங்க'ன்னு அது சொல்லியிருக்கு. அதுவும் எனக்காகப் பொய் சொல்லுதுன்னு நெனைக்கிறாங்க. ஒரு வாரத்துல பதில் எழுதிக் குடுக்கணும். நான் என்ன எழுத?"

கேட்டது என் அண்ணி. எனக்குக் கல்யாணம் ஆகும் வரை ஒன்பது வருடம் எனக்குச் சோறு போட்டவர். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். புதுக் கட்டடத்துக்கு அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் ஒப்பந்தக் கையெழுத்து. என் நாக்கு எப்படிப் புரண்டது பாருங்கள்.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி. அது அசைவத்தான் பாக்கும். அசைவு இல்லன்னா காலின்னு எழுதிக்கும்."

"நான் அசையாமத்தான் இருப்பேன். வெரல் மட்டும்தான ஆடும்?"

"வெரல் ஆடினாலே போதுமே. அதப் பிடிச்சுக்கும்."

"அப்போ?"

"ஒருவேள... கொஞ்சம் கண்ணு அசந்திருப்பீங்களோ என்னவோ. சாப்பிட்டதுக்கப்புறம், அப்படி இப்படி."

அவர் கோபப்படுவார், 'என்னைப் பாத்தா தூங்குறவ மாதிரியா தெரியுது?' என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் உண்மை என் வாயிலிருந்து வந்திருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அவர் கத்தவில்லை. யோசித்தார்.

"கண்ண வச்சுக்கிட்டே தூங்க முடியுமா தம்பி? தூங்கினது நமக்கே தெரியாம?"

"சில பேரு தூங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

அண்ணி காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க சொல்றீங்க? அக்காவா தூங்குவாங்க? பஸ்ல நாலு மணி நேரம் போனாக்கூட கண்ண மூடாதவங்க." உனக்கு இதில் என்ன தெரியும் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். குற்றம் செய்தவனுக்குக் கோபத்துக்கு மட்டும் குறைவே இருக்காது.

மறுநாள் அண்ணி செய்ததை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு சாக்கு எழுதிக் கொடுப்பார், எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் நேராகப் பெரிய டாக்டர் அம்மாவிடம் போய், "நான் எனக்கே தெரியாம தூங்குறேன் போல இருக்கு டாக்டர். ஆறு மாசமா நான் பாத்த ஸ்லைடு எல்லாத்தையும் வேற யாராவது திரும்பப் பாக்கணும். அதுவரைக்கும் என்கிட்ட ஸ்லைடு குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

நோயாளிகளிடம் ரத்தம், சிறுநீர் மாதிரிகளை வாங்குகிற ஜன்னலுக்கு அவரை மாற்றினார்கள். புட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை. வேறு ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து ஆறு மாத ஸ்லைடுகளையும் மறுபடி பார்க்கத் தொடங்கினார்கள். நான் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கட்டடத்தில் கேபிள் இழுக்கத் தொடங்கினேன்.

அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணி ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், வழியில் தூங்கி யார் மேலாவது ஏற்றிவிடுவேன் என்று. கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் போக மாட்டார். தலையெல்லாம் கம்பி ஒட்டித் தூக்கத்தைச் சோதிக்கிற இடத்துக்கு அண்ணன் கூட்டிப் போனார். ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணி நம்பவில்லை. "இன்னிக்குத் தூங்கலன்னா என்னிக்குமே தூங்கலன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். அப்புறம் வீட்டிலேயே காவல் போட்டார். அவர் ஏதாவது படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரில் அண்ணனோ அண்ணன் மகளோ உட்கார்ந்து, கண்ணை மூடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அவள் கல்லூரிப் பெண். போனில் என்னிடம், "சித்தப்பா, அம்மா கண்ண மூடவே மாட்டேங்கிறாங்க. ஆனா நான் பாக்காதப்போ மூடினேன்னு சொல்றாங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு" என்றாள்.

அந்த வாரங்களில் ஒரு வாய் சோறு எனக்கு ஒழுங்காக இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அண்ணன் வீட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பினேன். மறுபடி பார்க்கிறவர்கள் எதுவும் கண்டுபிடிக்க மாட்டார்கள், அண்ணியின் பெயர் தானாகவே சுத்தமாகிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. என்னை நானே இப்படி ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் கண்டுபிடித்தார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ஸ்லைடுகளில் ஒன்று. அதில் புள்ளி இருந்திருக்க வேண்டும், இல்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்லவேளை, ஆரம்ப நிலை. சின்னச் சிகிச்சையோடு குணமாகிவிடும் என்றார்கள். யார் பார்த்தாலும் இத்தனை ஆயிரத்தில் ஒன்றிரண்டு தவறும் என்று பெரிய டாக்டர் அம்மாவே சொல்லியிருக்கிறார். அண்ணி அன்றைக்கே இனி ஸ்லைடு பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு வெளியே வேலை, மகளுக்குப் பரீட்சை. "ஒரு மணி நேரம் வந்து உங்க அண்ணி கூட உக்காருடா." மறுக்க முடியாமல் போனேன்.

அண்ணி மடியில் செல்களின் படம் போட்ட தடிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் படித்த புத்தகம். "ஸ்லைடு பாக்குற மாதிரியே உக்காருறேன். நல்லா கவனி தம்பி. கண்ணு மூடினா ஒடனே தட்டு."

மத்தியான வேளை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதுகு அசையவில்லை, தலை அசையவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் பக்கத்தின் ஓரத்தில் மெதுவாக நகர்ந்தது. கண்கள் வரி வரியாக, படம் படமாகப் போய்க்கொண்டே இருந்தன. பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. இருபது வருடமாக அவர் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் நாற்காலியில் இப்படி உட்கார்ந்து பார்க்க, கட்டடத்தை ஒப்படைத்த அன்றைக்கு எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் உட்காராமல் டிக் போட்டேன்.

தோளில் யாரோ தட்டினார்கள். தூக்கி வாரிப் போட்டது.

"தம்பி, நீதான் தூங்குற" என்றார் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "பாவம், புதுக் கட்டட வேல. அலைச்சலா இருக்கும். போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லாமல், முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை காலை அண்ணியின் அறைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பை உறை போட்டு மூடியிருந்தார்கள். சென்சாரைச் சோதனை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். விரலை அசைத்தேன். சிவப்பு விளக்கு மின்னவில்லை. தலையைத் திருப்பினேன், தோளைக் குலுக்கினேன், கோப்பு அறைக்காரர்கள் மாதிரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். மின்னவே இல்லை. ஏணி வைத்து ஏறி டேப்பைப் பிய்த்தேன். இறங்கி உட்கார்ந்து ஒரே ஒரு விரலை அசைத்தேன், மின்னியது.

கையில் டேப்போடு பெரிய டாக்டர் அம்மாவின் அறைக்குப் போய், சுவிட்ச் சாரையும் கூப்பிடச் சொல்லி, இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். டேப், டிக், கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலை, எதையும் பூசி மெழுகவில்லை. சுவிட்ச் சார் வாய்க்கு வந்தபடி திட்டினார். புதுக் கட்டடத்திலிருந்து அன்று மாலைக்குள் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். அது எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. டாக்டர் அம்மா திட்டவில்லை.

"அந்தம்மா இங்க வந்து நின்னு, 'என்னை நம்பாதீங்க டாக்டர்'னு சொன்னாங்க. இத்தன வருஷத்துல என்கிட்ட யாருமே அப்படிச் சொன்னதில்ல. நீங்க அப்போ எங்க இருந்தீங்க?"

"புதுக் கட்டடத்துல, டாக்டர்."

"அடுத்த திங்கக்கிழமையில இருந்து அவங்க பழைய வேலைக்கு வரணும்னு நான் கேட்டுக்கிட்டதா சொல்லுங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே போனேன். உண்மையைச் சொல்வதென்றால், வழியெல்லாம் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. திட்டுவார், அழுவார், கடைசியில் வேலை திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் மன்னித்துவிடுவார். அண்ணிதானே.

அண்ணனும் இருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டேப் விஷயம் வந்ததும் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் சொல்லி முடித்ததும் அண்ணி கேட்டார்.

"அப்போ நான் தூங்கலையா?"

"இல்ல அண்ணி. ஒரு நாள்கூடத் தூங்கல."

"ஆறு மாசமும் முழிச்சுத்தான் இருந்தேன்."

"ஆமா அண்ணி."

அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த ஒரு ஸ்லைடு? அதையும் முழிச்சிருந்துதான் விட்டேனா?"

எனக்கு இது அதுவரை உறைக்கவே இல்லை. இரண்டு மாதமாக நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஸ்லைடைப் பற்றி ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

"தூங்கிட்டேன்னு நெனச்சேன் தம்பி. தூங்கினதாலதான் விட்டுட்டேன், கண்ணத் தொறந்து பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தான் இத்தன நாளும் எனக்குச் சோறு இறங்குச்சு."

அவரை அப்படிப் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று மனது துடித்தது. வாய் முந்திக்கொண்டது.

"அதுவும் என் தப்புதான் அண்ணி. ரூம் இருட்டா இருந்துச்சுல்ல? வெளிச்சம் சரியா இருந்திருந்தா கண்டிப்பா உங்க கண்ணுல பட்டிருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடமாக எனக்குப் பழகிய முகம். அந்தப் பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"மைக்ராஸ்கோப்புக்கு அதோட வெளக்கு இருக்கு. ரூம் இருட்டா இருந்தா இன்னும் நல்லாத்தான் தெரியும். அது உனக்கும் தெரியும்."

"இல்ல அண்ணி, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அன்னிக்கும் இப்படித்தான் உன் வீட்ல உக்கார வச்சு, உனக்கு எது சுலபமோ அதச் சொன்ன. நானும் நம்பினேன். இன்னொரு தடவ சொல்லாத. உன் தப்ப நீ வச்சுக்கோ. என் தப்ப என்கிட்ட குடுத்துடு."



"திங்கக்கிழம போறேன்" என்றார் அண்ணி, அண்ணனைப் பார்த்து. "போனதும் மொதல்ல அந்த ஸ்லைட வாங்கிப் பாக்கணும். எந்த எடத்துல விட்டேன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தத என்னால பாக்க முடியும்."

அண்ணன் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.